மண்டபத்தில் எடுத்த படம் மஞ்சளாக வருகிறது: எடிட்டிங் கோர்ஸில் சேரலாமா?

கேள்வி: பி.எஸ்சி. விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய கேனான் 1500டி வாங்கியிருக்கிறேன். அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ்தான் இருக்கிறது. சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் எடுத்துப் பழகுகிறேன். வெளியில் நன்றாக வருகிறது. மண்டபத்துக்குள் போனால் எல்லாமே மஞ்சள், முகம் இருட்டு, பாதிப் படம் ஷேக். சீனியர்கள் 'எம் மோடை, அதாவது எல்லா அளவையும் கையால் வைக்கும் மேனுவல் மோடைத் தவிர வேறு எதையும் தொடாதே' என்கிறார்கள். ஒரு பயிற்சி மையத்தில், எடிட்டிங் கற்றுக்கொண்டால் இதெல்லாம் சரிசெய்துவிடலாம், மூன்று மாதம் 38,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம் என்றார்கள். முன்பணம் 2,000 கொடுத்திருக்கிறேன். சேரலாமா? என்ன செட்டிங்ஸ் வைக்க வேண்டும்? மாதிரிக்கு மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சேராதீர்கள் தம்பி. உங்கள் படம் கெட்டுப்போவது கம்ப்யூட்டரில் இல்லை, கேமராவில். அதைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் பாடத்துக்கு 38,000 ரூபாய் எதற்கு?

நீங்கள் அனுப்பியதில் மாலை மாற்றும் படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஃபைலில் பதிவாகியிருக்கும் விவரம் இது: 55 எம்.எம்., எஃப் 5.6 (அப்பர்ச்சர், லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/15, ஐஎஸ்ஓ 400 (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டி எடுக்கிறது என்ற அளவு). படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மணமேடைத் தூணில் சுற்றியிருக்கும் பூச்சரம் தெளிவாக இருக்கிறது. மாப்பிள்ளையின் கையும் மாலையும் மட்டும் இழுபட்டுக் கிடக்கின்றன. அப்படியென்றால் உங்கள் கை நடுங்கவில்லை. கை ஆடுவதை லென்ஸில் இருக்கும் ஐ.எஸ். (அதிர்வுத் தடுப்பு) சமாளித்துவிட்டது. ஆள் அசைவதை எந்த ஐ.எஸ்.ஸும் நிறுத்தாது. 1/15 விநாடி திறந்திருக்கும் ஷட்டருக்குள் மாப்பிள்ளை கையைத் தூக்கி மாலையைப் போட்டேவிட்டார். ஆக, நீங்கள் ஷேக் என்று சொல்வது ஷட்டர் போதாத குறை.

1/15 ஏன் வந்தது? ஐஎஸ்ஓவை 400-லேயே கட்டிப்போட்டதால். அதற்கு மேல் போனால் கிரெய்ன் (புள்ளிபுள்ளியாகத் தெரிவது) வரும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். பிலிம் காலத்தில் 400 போட்டால் 36 படம் முடியும்வரை 400தான், வேறு வழியில்லை. அந்தப் பழக்கத்தை இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். 400, 800, 1600, 3200 என்று மூன்று படி ஏற்றுங்கள். ஷட்டர் 1/15, 1/30, 1/60, 1/125 என்று மூன்று படி வேகமாகிவிடும். அதே வெளிச்சம், கையும் நிற்கும். 3200-ல் கிரெய்ன் வரும்தான். ஆல்பம் ஷீட்டில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள், கிரெய்னைக் குறைக்கவும் முடியும். இழுபட்ட கையை நேராக்க ஒருவராலும் முடியாது.

நான் சொல்லும் செட்டிங் இதுதான். மேலே உள்ள டயலை டிவி (Tv) என்ற இடத்துக்குத் திருப்புங்கள், அதில் ஷட்டரை நாம் வைத்தால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஷட்டர் 1/100. ஐஎஸ்ஓ ஆட்டோ, அதன் உச்சவரம்பு 6400. மண்டப வெளிச்சத்துக்கு அப்பர்ச்சர் தானாகவே முழுசாகத் திறந்துகொள்ளும், அதை மறந்துவிடுங்கள். 1/100-க்குக் காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி.யும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. 1/100-ல் ஒரு முழுச் சுற்று படத்துக்குள் வந்துவிடுகிறது. 1/500 வைத்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்த படம் மங்கல், சிலவற்றில் குறுக்கே பட்டை.

எம் மோடு பற்றி உங்கள் சீனியர்கள் சொன்னதில் எனக்குக் கோபமே வருகிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எம் மோடில் வைத்துக்கொண்டு, வியூஃபைண்டருக்குள் இருக்கும் முள் நடுவில் வரும்வரை டயலை உருட்டுகிறார்கள். கேமரா ஒரு நொடியில் செய்யும் வேலையைக் கையால் பத்து நொடி செய்கிறார்கள், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். இதில் பசங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல கல்லூரிகளில் கேமரா துறைத்தலைவர் அறையின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. ரெக்கார்டு நோட்டில் எக்ஸ்போஷர் முக்கோணத்தை ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து கையெழுத்து வாங்கினால் பிராக்டிகல் முடிந்தது. ஐந்து மார்க்குக்கு அப்பர்ச்சர் என்றால் என்ன என்று எழுதுகிறார்கள். லேப் ஃபீஸ் மட்டும் செமஸ்டர் தவறாமல் வாங்குகிறார்கள். கட்டிய ஃபீஸுக்குக் கேமராவைக் கேளுங்கள், எழுத்துமூலமாகக் கேளுங்கள்.

சரி, முகம் ஏன் இருட்டு? கேமராவின் மீட்டருக்குக் கறுப்பும் தெரியாது வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். உங்கள் படத்தில் மாப்பிள்ளை பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளை சாட்டின் திரை. 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்' என்று மீட்டர் பயந்து மொத்தத்தையும் இருட்டாக்கிவிட்டது, நம் ஆட்களின் மாநிற முகம் அதில் அடிபட்டுப்போனது. ஏவி பிளஸ்-மைனஸ் என்று போட்டிருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே டயலை உருட்டி பிளஸ் 1 வையுங்கள். சட்டை வெந்துபோகிறதா, அதாவது விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிறதா என்று பிளேபேக்கில் பாருங்கள். வெந்த இடம் கறுப்பாக மினுக்கும். சட்டையின் ஓரம் மினுக்கினால் பரவாயில்லை, நெற்றி மினுக்கினால் ஒரு படி குறையுங்கள்.

அப்புறம் மஞ்சள். கேமராவை இன்றே ராவுக்கு, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ஃபைலுக்கு மாற்றுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், உங்கள் கேமராவின் ராவில் 16,384. நிறத்தைத் திருப்ப வேண்டுமென்றால் இத்தனை படிகள் இருந்தால்தான் முகம் திட்டுத்திட்டாகாமல் வரும். மேடைக்குப் போனதும் ஒரு வெள்ளைத்தாளை மணமக்கள் உட்காரும் இடத்தில் பிடிக்கச்சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாஃப்ட்வேரில் ஒயிட் பேலன்ஸ் டிராப்பரால் அந்தத் தாளில் ஒரு கிளிக். வந்த அளவை அந்த மேடையில் எடுத்த எல்லாப் படத்துக்கும் காப்பி செய்யுங்கள். வேட்டியில் கிளிக் செய்யாதீர்கள். அதற்குச் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள், சாஃப்ட்வேர் அந்த நீலத்தை எடுக்கிறேன் என்று படத்தை மறுபடி மஞ்சளாக்கிவிடும்.

ரா எடுத்தால் எந்த நிறத்தையும் சரிசெய்யலாம் என்று சொல்வார்கள். இல்லை. ஒரு இடத்தில் அது பலிக்காது, நீங்கள் அனுப்பிய மூன்றாவது படம் அதே இடம்தான்: ரிசப்ஷன் மேடையின் ஊதா, நீல பார் லைட் (நிறம் வீசும் மேடை விளக்கு). சாதாரண மஞ்சள் பல்பில் எல்லா நிறமும் இருக்கும், மஞ்சளும் சிவப்பும் கூடுதல், நீலம் கம்மி, அவ்வளவுதான். கூடியதைக் குறைத்துக் குறைந்ததைக் கூட்டினால் முகம் திரும்ப வந்துவிடும். நீல எல்.ஈ.டி.யில் இருப்பது நீலம் மட்டும். முகத்தின் சிவப்பு சென்சாரில் பதியவே இல்லை. சாம்பாரில் புளி கூடிவிட்டால் ஏதாவது செய்து சமாளிக்கலாம், பருப்பே போடாமல் இறக்கிவிட்டு பருப்பு ருசி வரவில்லையே என்றால்? சிவப்பும் பச்சையும் காலி, நீலம் மட்டும் நிரம்பி வழிகிறது, அதனால்தான் பொண்ணின் கன்னம் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று இருக்கிறது. அங்கே கன்னத்தின் விவரமே கிடையாது. எந்தக் கோர்ஸும் அதைக் கொண்டுவந்து தராது.

அந்த இடத்தில் என்ன செய்வது? முதலில் லைட் போட்டவரிடம் பேசுங்கள். குடும்பப் படம் எடுக்கும் பத்து நிமிஷம் முன்பக்கப் பார் லைட்டை மட்டும் வெள்ளைக்கு மாற்றித் தரச்சொல்லுங்கள். 'அண்ணே, முகம் நீலமா வருது' என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள், ரிமோட் அவர் பாக்கெட்டில்தான் இருக்கும். மாட்டேன் என்றால், வீடியோகிராபரின் வெள்ளை லைட் மேடையைப் பார்க்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். அவர் லைட் முகத்தில், ஊதா பின்னால் இருந்தால் அது அழகுதான். மேலே மாட்டும் தனி ஃபிளாஷ் இருந்தால் கூரையில் அடித்துத் திருப்புங்கள், கூரை வெள்ளையாக இருந்தால் மட்டும். பச்சை பெயின்ட் கூரையில் அடித்து, கல்யாணப் பொண்ணுக்குப் பச்சை முகம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது எதுவுமே நடக்கவில்லையென்றால் மைனஸ் 1 வைத்து எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். மைனஸ் வைக்க மறக்காதீர்கள், வழிந்துபோன நீலம் கறுப்பு வெள்ளையிலும் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் நிற்கும்.

எடிட்டிங்குக்கு இப்போது உங்களுக்குக் காசு செலவே வேண்டாம். கேனான் தன் கேமராக்காரர்களுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல் என்ற சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகிறது. பதிவிறக்கும்போது கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் கேட்கும். (பழைய கேமரா வாங்கியவர் நீங்கள். அந்த நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் விற்றவரைப் பிடித்துக் காரணம் கேளுங்கள், திருட்டுச் சரக்காக இருக்கலாம்.) ரா தெரபி, டார்க்டேபிள் இரண்டும் இலவசம்தான், டார்க்டேபிள் ஆரம்பத்தில் தலைசுற்றும். முதலில் எக்ஸ்போஷர், பிறகு ஒயிட் பேலன்ஸ், பிறகு வெந்த இடத்தைக் கொஞ்சம் இறக்கி இருட்டைக் கொஞ்சம் ஏற்றுவது, நேராக்கிக் கிராப் செய்வது, கடைசியில் கிரெய்ன் குறைப்பது. இவ்வளவுதான். லேப்டாப் வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு ராத்திரியில் எடிட் செய்யாதீர்கள், பிரின்ட் இருட்டாக வரும். ஒரு படத்தை லேபில் 4x6 போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தப் பயிற்சி மையத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி இடங்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. திருட்டு ஃபோட்டோஷாப்பில் 12x36 ஆல்பம் டெம்ப்ளேட்டைத் திறந்து படத்தைச் செருகுவது, ஒரு ஆக்‌ஷன் ஃபைலை ஓட்டி மாநிறத்தைச் சுண்ணாம்பாக்குவது, இதைத்தான் மூன்று மாதம் இழுப்பார்கள். முடிந்ததும் 'பிளேஸ்மென்ட்' என்று ஏதாவது ஆல்பம் டிசைன் கடையில் அற்பச் சம்பளத்துக்கு உட்காரவைப்பார்கள், அங்கேயும் கமிஷன். 'அரசு அங்கீகாரம்' என்று சுவரில் மாட்டியிருப்பது பல இடங்களில் உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்துகிறவர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் என்பதும் அப்படியே. சந்தேகமிருந்தால் உங்கள் மண்டபத்து ரா ஃபைல் ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோய், சொல்லிக்கொடுக்கப்போகிறவரிடம் 'சார், இதை என் கண் முன்னால் சரிசெய்யுங்கள்' என்று கேளுங்கள். ஆயிரம் பிரிசெட் 199 ரூபாய் என்று இன்ஸ்டாகிராமில் விற்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். பிரிசெட் என்பது வேறு எங்கோ, வேறு வெளிச்சத்தில், வேறு ஒருவர் நகர்த்திவைத்த ஸ்லைடர்கள். உங்கள் மண்டபத்து மஞ்சளில் போட்டால் முகம் ஆரஞ்சுதான்.

காசு இருந்தால், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். 55-ல் எஃப் 5.6 விடும் வெளிச்சத்தைவிட எஃப் 2-ல் எட்டு மடங்கு கூடுதல். ஐஎஸ்ஓ 3200 கேட்ட அதே இடத்தில் 400 போதும். ஜோடியாக எடுக்கும்போது எஃப் 2.8-க்கு வாருங்கள், இல்லையென்றால் பொண்ணு தெளிவாகவும் மாப்பிள்ளை மங்கலாகவும் வந்து இரண்டு வீட்டாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த எஃப் அளவை நாமே வைக்க, டயலில் ஏவி மோடு.

அந்த 2,000 ரூபாய். சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனியில் உங்கள் அப்பா பெயரில் போடும் கடன். நீங்கள் இரண்டாவது வாரமே நின்றுவிட்டாலும் மாதாமாதம் அப்பாதான் கட்ட வேண்டும். அதனால் 'சும்மா ஃபார்ம் ஃபில் பண்ணத்தான்' என்று அவருடைய பான் கார்டையோ ஃபோனுக்கு வரும் ஓ.டி.பி.யையோ கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், அவர் பெயரில் கடன் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணத்தைத் தர மாட்டேன் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். ரசீதும் அந்த எழுத்தும் கையில் இருக்கட்டும்.