ஆளை மாற்றினால் பாட்டு எங்கே மாறும்? ப்ராக் ராக் கேள்வி பதில்

ப்ராக் ராக், அதாவது நீளமான, சிக்கலான அமைப்புள்ள எழுபதுகளின் ராக் இசை பற்றி இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம்: "இன்னார் போகாமல் இருந்திருந்தால்?", "இவருக்குப் பதில் அவர் வந்திருந்தால்?" எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். போனவர் சுமந்த வேலை யார் தலையில் விழுகிறது? சோலோ யார் வாசிப்பார் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

கேள்வி: யெஸ் குழுவில் டோனி கே 1971-இல் வெளியேறாமல் இருந்திருந்தால்? ரிக் வேக்மன் இல்லாத "ஃப்ராஜைல்" எப்படி இருக்கும், அண்ணா?

கே பியானோவும் ஹாமண்ட் ஆர்கனும் வாசித்தார். மூக் (சிந்தசைசர்), மெல்லோட்ரான் (டேப்பில் பதிந்த ஒலியை வாசிக்கும் கீபோர்டு) பக்கம் போக அவருக்கு விருப்பமில்லை. பிரிவுக்கு அதுதான் பெரிய காரணம். ஆகவே இதைத் திறமைச் சண்டையாகப் பார்க்காமல் கருவிச் சண்டையாகப் பாருங்கள்.

ஹாமண்டில் விரலை எடுக்கும்வரை ஒலி நிற்காது. மெல்லோட்ரானில் கட்டைக்கு ஒன்றாக 35 கட்டைக்கு 35 டேப் துண்டுகள். அழுத்தினால் சுமார் 8 விநாடி ஓடும், அவ்வளவுதான். விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பை ஆரம்பத்துக்கு இழுத்துக்கொள்ளும், மறுபடி அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் நாலு அட்சரத் தாளம் என்றால் 8 விநாடி சரியாக இரண்டு ஆவர்த்தனம். மூன்றாவது ஆவர்த்தனத்திலும் அதே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வேண்டுமென்றால் எல்லா விரலையும் ஒரே நேரத்தில் தூக்கக் கூடாது, நடுவில் ஓட்டை விழும். ஒவ்வொரு விரலாக, அடுத்தடுத்து எடுத்து வைக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, கார்டையே மாற்றிவிடுவது. அந்தக் காலப் பாட்டுகளில் வயலின் கூட்டம் போன்ற அந்த ஒலி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் இல்லையா, அதில் பாதி ரசனை, பாதி டேப் நீளம்.

கே இருந்திருந்தால் "ரவுண்டபௌட்" பெரிதாகக் கெட்டிருக்காது. அதன் கீபோர்டு சோலோவே ஹாமண்டில்தான். அடி வாங்கியிருப்பது மெல்லோட்ரான் விரித்த பின்திரை. அந்த இடத்தை ஸ்டீவ் ஹவ் இரண்டு மூன்று கிட்டார் டிராக் போட்டு அடைத்திருப்பார், குரல் அடுக்கும் கூடியிருக்கும். அதாவது "தி யெஸ் ஆல்பம்" (1971) இன்னும் கொஞ்சம் முறுக்கேறியது போல. எனக்கு அது மோசமான கற்பனையாகத் தெரியவில்லை. ஆனால் 1972-இன் "க்ளோஸ் டு தி எட்ஜ்" அந்த வடிவத்தில் வந்திருக்காது. லண்டன் செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்து பைப் ஆர்கனைப் பதிவு செய்து நடுவே ஒட்டும் அளவுக்கு அந்தப் பாட்டில் கீபோர்டுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கேள்வி: பில் ப்ரூஃபர்ட், ஆலன் வைட். யெஸ்ஸுக்கு யார் சரி? டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன் சார், எதைக் கவனித்துக் கேட்பது?

இந்த ஒப்பீட்டை "யெஸ்சாங்ஸ்" (1973) ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. அந்த மூன்று எல்பி நேரடிப் பதிவில் பெரும்பாலும் வைட். "பெர்பெச்சுவல் சேஞ்ச்", "லாங் டிஸ்டன்ஸ் ரன்அரவுண்ட்", அதோடு சேர்ந்த "தி ஃபிஷ்" ஆகியவற்றில் ப்ரூஃபர்ட். ஒரே மேடை அமைப்பு, ஒரே குழு, டிரம்மர் மட்டும் வேறு.

முதலில் ஸ்நேர் டிரம்மை மட்டும் பிடியுங்கள். ப்ரூஃபர்டுடையது தோலை இறுக்கிக் கட்டி, விளிம்போடு சேர்த்து அடிப்பது. "டங்" என்று உலோகம் போல் கேட்கும், சட்டென்று அடங்கும். வைட்டுடையது கனமானது, கீழே உட்காரும். இரண்டாவது, அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ப்ரூஃபர்ட் சமத்தைத் தாண்டிப் போய் எதிர்பாராத அட்சரத்தில் வைப்பார், வைட் சமத்தைக் காட்டிக்கொடுப்பார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டால் உங்கள் தலை எப்போது தடுமாறுகிறது என்பதே விடை.

ப்ரூஃபர்ட் தங்கியிருந்தால் பாஸ் வாசித்த கிறிஸ் ஸ்கொயருக்குத்தான் கஷ்டம். இருவரும் ஒரே இடத்தில் நெளிந்தால் பாட்டுக்குத் தரை இருக்காது. வைட் வந்த பிறகு ஸ்கொயர் எவ்வளவு சுதந்திரமாக அலைகிறார் என்று கேளுங்கள். இத்தனைக்கும் 1972 ஜூலை கடைசியில் டாலஸில் முதல் கச்சேரி, பாட்டுகளைப் பிடிக்க வைட்டுக்குக் கிடைத்தது மூன்று நாள்.

கேள்வி: 1975-இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் போனதும் ஜெனிசிஸ் வெளியாளை எடுத்திருந்தால்?

எடுக்கத்தான் பார்த்தார்கள். விளம்பரம் கொடுத்து, பலரை வரவழைத்துப் பாட வைத்தார்கள். சிக்கல் எங்கே என்றால், "ஸ்க்வாங்க்" போன்ற பாட்டுகளின் பின்னணி இசை முன்பே தயார். பாடகரைத் தேர்ந்தெடுக்கும் முன் இசையைப் பதிவு செய்தால் சுருதி உறைந்துவிடும். வருகிறவர் நல்ல பாடகராகவே இருக்கலாம், அந்தச் சுருதி அவர் தொண்டைக்கு ஒத்துவராது.

"டேப் வேகத்தைக் குறைத்திருக்கலாமே" என்று கேட்பீர்கள். அரை சுரம் இறக்க வேகத்தைச் சுமார் 5.6 சதவீதம் குறைக்க வேண்டும். ஆறு நிமிடப் பாட்டு 21 விநாடி நீளும், டிரம்ஸ் தொய்ந்து கேட்கும். ஒரு முழு சுரம் என்றால் மொத்தம் 40 விநாடிக்கு மேல் நீளும், நாராசம்.

குழுவின் டிரம்மர் ஃபில் காலின்ஸ் பாடினார், பொருந்தியது. ஒன்றும் அதிசயமில்லை, 1971-லேயே "ஃபார் ஆப்சென்ட் ஃப்ரெண்ட்ஸ்", 1973-இல் "மோர் ஃபூல் மீ" என்று முழுப்பாட்டு பாடியவர்தான். ஆனால் அவர் முன்னால் வந்ததும் மேடையில் டிரம்ஸ் இருக்கை காலி. 1976-இல் ப்ரூஃபர்ட், 1977 முதல் செஸ்டர் தாம்ப்சன். போனது பாடகர், புதிதாகத் தேவைப்பட்டது டிரம்மர்! "செகண்ட்ஸ் அவுட்" தொகுப்பில் "தி சினிமா ஷோ" மட்டும் 1976 பதிவு. அதன் பின்பாதி ஏழு அட்சரம், நம் கணக்கில் மிஸ்ரம் என்று போட்டுக்கொள்ளலாம். காலின்ஸும் ப்ரூஃபர்டும் சேர்ந்து அடிப்பார்கள். வெளிப் பாடகர் வந்திருந்தால் இந்த இரட்டை டிரம்ஸ் நமக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி: ஜெனிசிஸின் முதல் கிட்டார்காரர் ஆந்தனி பிலிப்ஸ் மேடை பயத்தால் 1970-இல் போகாமல் இருந்திருந்தால்?

பன்னிரண்டு கம்பி கிட்டார்கள் இன்னும் நிறைய, பின்னால் வந்த ஸ்டீவ் ஹாக்கெட்டின் இருகை விரல் தட்டல் இல்லை. நான் அதைவிடப் பெரிய மாற்றமாக நினைப்பது அதே ஆண்டு டிரம்ஸில் காலின்ஸ் வந்தது. அதை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: 1980-இல் ட்ரெவர் ஹார்ன் யெஸ் மேடையில் பழைய பாடகர் ஜான் ஆண்டர்சனின் பாட்டுகளைப் பாடத் திணறினார். சுருதியை இறக்கினால் முடிந்தது, இதில் என்ன இருக்கிறது?

கர்நாடகக் கச்சேரியில் ஒரு கட்டை இறக்குவது போல இல்லை தம்பி. "ரவுண்டபௌட்" ஈ மைனரில் இருக்கிறது. தொடக்கத்தில் கிட்டாரில் மணி போலக் கேட்பவை திறந்த கம்பிகளின் ஹார்மானிக்ஸ். ஒரு முழு சுரம் இறக்கினால் அவை விரலுக்கு அடியிலிருந்து நழுவிவிடும். கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வி) சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது.

அப்படியானால் கம்பிகளையே தளர்த்த வேண்டும். முழு சுரம் தளர்த்தினால் கம்பியின் இழுவிசை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பாஸ் கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும், பிக் வைத்து அழுத்தி வாசிக்கும் ஸ்கொயர் பாணிக்கு இது விஷம். பழைய இழுவிசை வேண்டுமென்றால் 105 அளவுக் கம்பி (அங்குலத்தின் ஆயிரத்தில் 105 பங்கு தடிமன்) இருந்த இடத்தில் ஏறத்தாழ 118 போட வேண்டும். நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் கட்டை) உள்ள பள்ளத்தை அகலப்படுத்தி, கழுத்து வளைவையும் பிரிட்ஜையும் சரிசெய்த பிறகுதான் வாசிக்கலாம். அல்லது இரண்டாவது செட் கருவிகள், பாட்டுக்குப் பாட்டு மாற்ற ஒரு ஆள். பாடகர் ஒருவர் மாறியதற்கு மேடையே மாற வேண்டியிருக்கிறது.

ஹார்ன் பாடிய "டிராமா" எல்பியை ஒதுக்காதீர்கள். அதில் பாட்டுகள் அவர் இருக்கும்போதே உருவானவை, குரல் எங்கும் பிதுங்கவில்லை.

கேள்வி: கிங் கிரிம்சனில் எல்டன் ஜான்? பிரையன் ஃபெர்ரி? இது நிஜமா, கட்டுக்கதையா?

இரண்டும் நிஜம். "இன் தி வேக் ஆஃப் பொசைடன்" (1970) பாட எல்டன் ஜானுக்குப் பேச்சு முடிந்திருந்தது. குழுவின் தலைவர் ராபர்ட் ஃப்ரிப் அவருடைய எல்பியைக் கேட்டுவிட்டு வேண்டாமென்றார். ஃபெர்ரி அடுத்த சுற்றில் வந்து பாடிக் காட்டினார். எடுக்கவில்லை, ஆனால் குழுவின் நிர்வாகத்தாரிடம் சிபாரிசு செய்தார்கள். ராக்ஸி மியூசிக்கின் முதல் எல்பியைத் தயாரித்ததே கிரிம்சனின் பாடலாசிரியர் பீட்டர் சின்ஃபீல்ட்தான்.

கிரெக் லேக் பாடகரும் பாஸ் வாசிப்பவரும். அவர் போனால் இரண்டு நாற்காலி காலி. ஃபெர்ரியோ எல்டனோ வந்தால் ஒன்றுதான் நிரம்பும். அதனால்தான் கடைசியில் பாடகராக வந்த பாஸ் பர்ரெலுக்கு ஃப்ரிப்பே உட்கார்ந்து பாஸ் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். (பெயரிலேயே பாஸ் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், தற்செயல்தான்.) புதிதாகக் கற்றவர் கையில் பாஸ் இருந்தால் அந்தக் கோடுகள் எளிமையாகத்தான் வரும். 1971-இன் "ஐலண்ட்ஸ்" காற்றோட்டமாக இருப்பதில் அதற்குப் பங்குண்டு என்பது என் கணிப்பு. 1972-இல் ஜான் வெட்டன் வந்து இரண்டு வேலையையும் முழுமையாக எடுத்துக்கொண்டதும் அந்தக் காற்றோட்டம் போய் இடி வந்தது.

கேள்வி: வீட்டுக் கணினியில் இப்படி ஆளை மாற்றிப் பார்க்க முடியுமா? ஒரு பதிவின் டிரம்ஸை இன்னொரு பதிவின் மேல் வைத்தேன், கஞ்சி மாதிரி ஆகிவிட்டது.

முடியும், வரிசை தவறினால் கஞ்சிதான். ஒரே பாட்டின் ஸ்டுடியோ பதிவையும் நேரடிப் பதிவையும் எடுங்கள். பிரிக்கும் மென்பொருள் பெரும்பாலும் குரல், டிரம்ஸ், பாஸ், மிச்சம் என்று நான்காகப் பிரிக்கும். கிட்டாரும் கீபோர்டும் அந்த "மிச்சத்தில்" ஒட்டிக்கொண்டே இருக்கும், அதனால் கீபோர்டுக்காரரை மட்டும் மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். மெல்லோட்ரானில் கோரஸ் டேப் ஓடும் பாட்டென்றால் அது குரல் டிராக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது சுருதி. பழைய பதிவுகள் வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதியில் அச்சாக நிற்காது. ட்யூனரில் பார்த்து இரண்டையும் முதலில் சமப்படுத்துங்கள். டிரம்ஸை மட்டும் எடுத்து வைப்பதானால் இந்தப் படி வேண்டாம்.

உங்களுக்குக் கஞ்சி ஆனது இங்கேதான் என்று நினைக்கிறேன்: க்ளிக் (காதில் ஒலிக்கும் மெட்ரோனோம்) இல்லாமல் வாசித்தவை, வேகம் உள்ளுக்குள் ஏறி இறங்கும். பாட்டு முழுவதற்கும் ஒரே வேக எண் போட்டால் பத்தாவது ஆவர்த்தனத்திலேயே விலகிவிடும். ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும் கையால் குறி வையுங்கள். தாளம் மாறும் இடங்களில் ஒவ்வொரு அட்சரத்துக்கும் வையுங்கள். ஜெனிசிஸின் "அப்போகலிப்ஸ் இன் 9/8" போன்ற பகுதியில் ஒன்பதை 3+2+4 என்று உடைத்துக் குறிக்க வேண்டும். 4+5 என்று வைத்தால் எல்லா அடியும் அரைகுறையாக நகரும். ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் இழுத்தால் சிம்பல் ஒலி குழைந்துவிடும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஜோடியை விட்டுவிட்டு வேறு பதிவைத் தேடுங்கள்.

கேள்வி: முதலில் பாடி, பாட்டெழுதிய சிட் பாரெட் பிங்க் ஃப்ளாய்டிலேயே இருந்திருந்தால்?

1968 ஜனவரியில் கிட்டாருக்கு வந்த டேவிட் கில்மரோடு ஐந்து பேராகச் சில கச்சேரிகள் செய்தார்கள். சிட் வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கட்டும், மேடைக்கு வர வேண்டாம் என்றும் யோசித்தார்கள். அது நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்குச் சாட்சி அவருடைய தனி எல்பி "தி மேட்கேப் லாஃப்ஸ்" (1970). சில பாட்டுகளில் சாஃப்ட் மெஷீன் குழுவின் ஆட்கள் பின்னாலிருந்து வாசித்துச் சேர்த்தார்கள். சிட்டின் ஆவர்த்தனம் ஒருமுறை நீளும், அடுத்த முறை சுருங்கும், அவர்கள் துரத்திக்கொண்டே போவது காதில் விழும். மூன்று நிமிடப் பாட்டுக்கு அது அழகு. "எக்கோஸ்" போல 23 நிமிடத்துக்கு, துண்டு துண்டாகச் செய்து ஒட்டுவதற்கு, நிலையான தாளம் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைத்திருக்கும்.

கேள்வி: நம்மூர் வயலின் ஒன்று இந்தக் குழுக்களில் இருந்திருந்தால் என்று கற்பனை செய்கிறேன்...

பாதி நடந்ததே. சக்தி குழுவின் எல். ஷங்கர் காலின்ஸின் "ஃபேஸ் வால்யூ" (1981), கேப்ரியலின் "பேஷன்" (1989) இரண்டிலும் வாசித்திருக்கிறார். ஆனால் விருந்தாளியாக. நிரந்தர உறுப்பினராக்கினால் ஜெனிசிஸில் முதல் சண்டை கீபோர்டுக்காரர் டோனி பேங்க்ஸோடுதான் வரும். அவர் கார்டு ஆவர்த்தனத்துக்கு இரண்டு முறை நகரும், கமகத்துக்கு ஒரே ஆதார சுருதி நின்றால்தான் இடம். மைக் ரதர்ஃபோர்ட் பெடல் பாஸில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும் இடங்களில் மட்டும் வயலினை விடலாம்.

கேள்வி: எமர்சன், லேக், பவல்?

எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் டிரம்மர் கார்ல் பால்மருக்குப் பதில் 1985-இல் கோஸி பவல் வந்தார். முதலெழுத்து மாறவில்லை, டிரம்ஸ் இரண்டு மடங்கு கனமானது, ஓட்டம் குறைந்தது. ஒரு எல்பியோடு முடிந்தது.

கேள்வி: கடைசியாக ஒன்று, ஹாக்கெட் 1977-இல் ஜெனிசிஸை விட்டுப் போகாமல் இருந்திருந்தால்?

அவர் எழுதியதற்கு எல்பியில் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம். "ப்ளீஸ் டோன்ட் டச்" என்பதை "விண்ட் அண்ட் வதரிங்" சமயத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு ஒதுக்கினார்கள், அவர் அதைத் தன் எல்பிக்குக் கொண்டுபோனார். அவரைத் தக்கவைக்க எல்பிக்கு இரண்டு பாட்டு விட்டுக்கொடுக்க வேண்டும், அது பேங்க்ஸின் பங்கிலிருந்துதான் வரும். கொடுத்திருப்பாரா? ஹாக்கெட் போனதும் பாஸ் வாசித்த ரதர்ஃபோர்டே லீட் கிட்டாரையும் எடுத்துக்கொண்டார். லீட் அவருக்குப் பழகாத வேலை, அதனால் சோலோ சுருங்கியது, பாட்டும் சுருங்கியது. 1978 எல்பியில் பதினொரு பாட்டு.