லா காலேஜ் சீட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் மலையாளி எஸ்.டி. சமூகம். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்து இப்போது ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், வக்கீலுக்குத்தான் படிப்பேன் என்கிறாள். நூறு பேர் விண்ணப்பித்தால் அஞ்சாறு பேருக்குத்தான் லா சீட் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டதிலிருந்து முகமே சரியில்லை. நிஜமா?
- ஒரு தாய், நாகலூர், ஏற்காடு

பதில்: அந்த அஞ்சாறு சதவீதம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களின் கணக்கு. அங்கே டிகிரி முடித்தபிறகுதான் சட்டம், கட்டுரை, சிபாரிசுக் கடிதம் எல்லாம் பார்த்து எடுப்பார்கள். நம் அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்து வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, ப்ளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் போட்டு கவுன்சலிங், அவ்வளவுதான். குறைந்தபட்சம் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40.

மொத்தம் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதை விடுங்கள். போன வருடம் உங்கள் பிரிவில் கடைசியாகச் சீட் வாங்கியவரின் கட்-ஆஃப் என்ன, அதைப் பாருங்கள். எஸ்.டி.க்கு 1 சதவீதம் இருக்கிறது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் சட்டப் படிப்புக்கும் உண்டு, உங்கள் மகள் அதிலும் வருகிறாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் என்று சான்று வாங்கி வையுங்கள். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) தரவேண்டும், விசாரணை அது இது என்று இழுக்கும். கவுன்சலிங் தேதி வந்தபிறகு ஓடினால் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏறியதுதான் மிச்சம், இப்போதே மனு போடுங்கள். 2019-இல் சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது, கூடவே நாமக்கல், தேனியிலும். விருப்பப் பட்டியலில் சேலத்தோடு நிறுத்தாமல் தர்மபுரி, நாமக்கல்லையும் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளாட் எழுதாவிட்டால் நல்ல வக்கீலாக முடியாதா? கோச்சிங் சென்டரில் '90 சதவீத செலக்‌ஷன்' என்று போர்டே வைத்திருக்கிறார்கள்.
- ப்ளஸ் ஒன் மாணவர், அம்மாபேட்டை

பதில்: எத்தனை பேரில் 90 சதவீதம், எந்தக் கல்லூரியில் என்று அவர்களிடமே கேளுங்கள் தம்பி. பதில் சுற்றிவளைத்து வந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு, நம் திருச்சியில் இருப்பதும் அதில்தான் வரும் (டெல்லிக்கு மட்டும் தனித் தேர்வு). இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தப்புக்குக் கால் மார்க் போகும், எல்லாமே ஆங்கிலத்தில் பத்தி பத்தியாகப் படித்துப் பதில் சொல்வது. வழக்கமாக டிசம்பரில் நடக்கும். ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க வருமென்றால் தாராளமாக எழுதுங்கள், கூடவே ப்ளஸ் டூ மார்க்கையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சென்னை தரமணி சீர்மிகு சட்டப் பள்ளியில் (பேர்தான் பள்ளி, அதுவும் சட்டக் கல்லூரிதான்) மார்க்தான் எல்லாம், விண்ணப்பிக்கவே பொதுவாக 70 சதவீதம் வேண்டும். மற்றபடி ஒருநாள் காலை பத்தரைக்கு அஸ்தம்பட்டி கோர்ட் வாசலில் போய் நின்று பாருங்கள். கறுப்பு கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, கக்கத்தில் கேஸ் கட்டோடு வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம் கட்சிக்காரர்கள் கேட்பது 'இன்னைக்கு கேஸ் எடுப்பாங்களா சார்' என்பதைத்தான், எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்பதில்லை.

கேள்வி: வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலத்தில் எல்.எல்.பி. வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: வேண்டாம் சார். வக்கீல்களுக்கான அமைப்பான பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும். பட்டம் கைக்கு வந்தாலும் வக்கீலாகப் பதிவு செய்யும்போது சிக்கினால் பணமும் போச்சு, வருடமும் போச்சு. வக்கீலாகப் பதியும் கட்டணமே சட்டப்படி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்தான், அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. அந்த ஏஜெண்ட் எவ்வளவு கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லையே?