சிக்குக் கோலமும் பழகிய கண்ணும் – கடிதம்

வணக்கம்.

வெளிநாட்டு நண்பர் ஒருவருக்குச் சிக்குக் கோலப் படம் அனுப்பினேன். "முடிச்சு அழகாக இருக்கிறது, நடுவில் எதற்கு இத்தனை புள்ளி?" என்று கேட்டார். எனக்கோ புள்ளிதான் முதலில் கண்ணில் படுகிறது. பண்பாடு பார்வையையே மாற்றிவிடுமா?

வி.

அன்புள்ள வி,

ஓரளவு மாற்றும். ஒரு வட்டத்தைச் சுற்றிப் பெரிய வட்டங்களை வரைந்தால் நடுவட்டம் சிறுத்துத் தெரியும். நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் இந்த மயக்கம் மேற்கத்தியரைவிடக் குறைவு என்று 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏன் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை.

கோல விஷயத்தில் கைப்பழக்கமே பெரிய காரணம் என்பேன். "7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி" (நடுவரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 4 வரை, முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேரே வைப்பது) என்று கேட்டதுமே போட்டுப் பழகியவருக்குக் கோலத்தின் உருவம் பிடிபட்டுவிடும். புள்ளி என்றால் கோட்டால் இணைக்க வேண்டியது என்று பழகியவருக்கு, இழை தொடாமல் சுற்றிப்போகும் புள்ளி வேண்டாத சரக்கு.

நேர்ப்புள்ளியாக, அதாவது ஒன்றன்கீழ் ஒன்று நேராக வரும்படி, 4 புள்ளி, 3 வரிசை வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குச் சரிபாதியில் இழைகள் சாய்வாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் மட்டும் புள்ளியை வளைத்துத் திரும்பவேண்டும். 12 புள்ளிகளையும் சுற்றி ஒரே இழை தொடங்கிய இடத்தில் வந்து சேரும். 4க்கு 4 வைத்தால் நான்கு இழைகளாகப் பிரிந்துவிடும். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழை. கணக்குக்காரர் இதைத்தான் பார்ப்பார். கோலம் போடுபவர் கண் போவது இடைவெளிக்கு. ஒரு வரிசை நெருங்கிவிட்டால் வெட்டுமிடம் நகர்ந்து இழை புள்ளியில் உரசும். இழையை நெளித்துச் சமாளித்தால் அடுத்த வளைவும் கெடும். புள்ளியை அழித்து வைப்பதே வழி.

கிழக்கு அங்கோலாவின் சோக்வே மக்களின் 'சோனா' நம் கோலத்துக்கு அசல் பங்காளி. மணலைச் சமன்செய்து, விரல்நுனிகளால் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே விரலால் சுற்றி வரைவார்கள். நடுவில் தயங்கினால் பார்ப்பவர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். நாம் மாவு எடுக்க நின்றால் யாரும் குறை சொல்வதில்லை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் மணல் ஓவியத்திலோ கட்டக்கோடுகளைப் போட்டுவிட்டு விரலெடுக்காமல் வரைவார்கள். நம்மவர் அதில் புள்ளியைத் தேடுவார்!

நண்பருக்கு முடிந்த கோலத்தை அனுப்பாதீர்கள். புள்ளி மட்டும் வைத்த தாள் ஒன்று, முதல் மூன்று வளைவுகள் போட்ட தாள் ஒன்று அனுப்புங்கள். மிச்சத்தை அவரே போடட்டும்.