ஏழு மலையும் ஒரே நாளில் ஏறி இறங்க முடியுமா?

கேள்வி: தினமும் காலையில் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் எட்டு நண்பர்கள் நாங்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வரும் ஏப்ரலில் கோவை பக்கத்து வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறி அன்றைக்கே திரும்ப ஆசை. முடியுமா? – ஒரு வாசகர், திருப்பூர்.

பதில்: முடியும். ஆனால் பூங்கா நடையை நம்பிப் போகாதீர்கள். நான் அப்படிப் போனவன்தான். அடிவாரத்துப் பூண்டி கோவிலைத் தாண்டியதும் முதல் மலை படிக்கட்டிலேயே ஆரம்பிக்கிறது. ஒன்று சாணுயரம், அடுத்தது முழங்கால் உயரம். அரை மணி நேரத்தில் எங்கள் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. நாலாவது, ஐந்தாவது மலையில் ஓரளவு சமமான பாதை வந்த பிறகுதான் அரட்டை திரும்பியது. ஆறாவதில் ஆண்டி சுனை. அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்தால் பல் கிட்டிவிடும். ஏழாவது செங்குத்து, பேச ஒன்றுமில்லை.

ஏற ஐந்தரை மணி நேரம் ஆனது. சரி, இறக்கம் சுலபம் என்று நினைத்தோம். அதற்கும் ஐந்து மணி நேரம்! மூச்சு வாங்கவில்லை, முட்டிதான் கெஞ்சியது. கால் பெருவிரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்து, ஒரு மாதத்தில் கழன்றே விழுந்தது. வெறுங்காலோடு வரும் பக்தர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுக்குக் கூழாங்கல். ஆகவே போவதற்கு இரண்டு நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இன்னும் இரண்டு மாதம் பூங்காவை விட்டுவிட்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், முக்கியமாக இறங்குங்கள்.

ஏப்ரல் வெயிலுக்குப் பயந்து பலரும் இரவில்தான் ஏறுகிறார்கள். டார்ச் ஆளுக்கொன்று வேண்டும். ஸ்வெட்டரும் எடுங்கள், மேலே காற்று ஆளைத் தள்ளும். யானை நடமாடும் காடு, ஒருவரும் தனியாகப் பின்தங்க வேண்டாம். பிளாஸ்டிக்கை அடிவாரத்திலேயே சோதிப்பார்கள், புளிசாதத்தை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர் எட்டு பேரில் யாராவது இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஏறும்போது நெஞ்சடைத்து இறந்தவர்கள் உண்டு. டாக்டர் வேண்டாமென்றால் அவர் அடிவாரத்தில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்ளட்டும், கௌரவம் பார்க்க வேண்டாம்.

அப்புறம், அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி. நெஞ்சளவு உயரமாக, தரையில் ஊன்றிப் பார்த்து வளையாததாக வாங்குங்கள். என்னுடையதில் இப்போது முருங்கைக்காய் பறிக்கிறோம்.