பழைய காருக்கு வயரிங் முழுக்க மாற்றும்போது டைனமோவையும் ரெகுலேட்டரையும் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுவிடலாமா?

போடலாம். டைனமோ என்பது இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தந்து பேட்டரியை ஏற்றும் பழைய கருவி, ரெகுலேட்டர் அதன் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி, ஆல்டர்னேட்டர் டைனமோவுக்குப் பின் வந்த மாற்று. ஆனால் கேள்விக்குக் கீழே, “எப்படியும் எல்லாம் கழற்றியாச்சு, இதையும் சேர்த்து மாத்திடலாம்னு எலக்ட்ரீஷியன் சொல்றார்” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு சும்மா போக முடியவில்லை.

உங்களுடையது 1960களின் பிரிட்டிஷ் கார், லூகாஸ் நிறுவனத்தின் சி40 டைனமோ, ஆர்பி106 ரெகுலேட்டர் பெட்டி என்று வைத்துக்கொள்கிறேன். என் மாமாவின் காரும் அதே வகைதான். பாடிக்குப் புது பெயின்ட் அடித்து வந்த பிறகு பேட்டரி கொதிக்க ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற வற்றியது, மேல்மூடியெல்லாம் ஆசிட் கசிவு. எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு “ரெகுலேட்டர் போச்சு சார்” என்றார். புதுப் பெட்டி வாங்கிப் போட்டார்கள். மறுபடியும் அதே கொதி. “அப்போ டைனமோவும் போச்சு. இதெல்லாம் அந்தக் காலத்து சாமான், ஆல்டர்னேட்டர் போட்டுடுங்க” என்று அடுத்த தீர்ப்பு. இத்தனைக்கும் மீட்டரை ஒரு தடவைகூட யாரும் கையில் எடுக்கவில்லை.

மாமா என்னைக் கூப்பிட்டார். டைனமோவின் டி (மின்சாரம் வெளியே வரும் முனை), எஃப் (உள்ளே காந்தத்தை உண்டாக்கும் சுருளின் முனை) இரண்டு வயரையும் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் டைனமோ பாடிக்கும் நடுவே வோல்ட்மீட்டரை வைத்தேன். இன்ஜினை ஐட்லிங்கிலிருந்து மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். முள் தடுமாறாமல் சீராக ஏறி 20 வோல்ட்டை நெருங்கியது. அதோடு நிறுத்திவிட வேண்டும். கட்டுப்பாடே இல்லாமல் ஓடும் டைனமோவை அதற்கு மேல் முறுக்கினால் நாமே அதைக் கொன்ற மாதிரி. “மாமா, டைனமோ கல்லு மாதிரி இருக்கு” என்றேன். “அப்புறம் என்னப்பா கோளாறு?” என்றார்.

வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே ரெகுலேட்டரின் இ முனைக்கும் (எர்த், அதாவது காரின் இரும்பு பாடியோடு சேரும் முனை) பேட்டரியின் எர்த் போஸ்ட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பெயின்ட் கடையில் பளபளவென்று அடித்த புது பெயின்ட்டின் மேலேயே ரெகுலேட்டரின் எர்த் லக்கை (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தை) வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் காயில் தன் வோல்ட்டேஜை அந்த எர்த்தை வைத்துத்தான் அளக்கிறது. எர்த்தில் ஒரு வோல்ட் தொலைந்தால், காயிலுக்கு ஒரு வோல்ட் குறைவாகத் தெரியும். அது ‘இன்னும் பத்தலை’ என்று டைனமோவை மேலும் உழைக்க வைக்கும். பேட்டரி கொதிக்காமல் என்ன செய்யும்? புதுப் பெட்டியும் அதே பெயின்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கினோம். கொதிப்பு நின்றது. பழைய ரெகுலேட்டரையே திரும்ப மாட்டினோம். டைனமோவை மாற்றவே இல்லை.

இதைச் சொன்னதும் “நீ பழமைவாதி, ஆல்டர்னேட்டருக்கு எதிரி” என்று ஒரு கூட்டம் வரும். அப்படியெல்லாம் இல்லை. சி40 அதிகபட்சம் 22 ஆம்ப் தரும், அதாவது சுமார் 300 வாட். ஐட்லிங்கில் அதுவும் கிடையாது, சார்ஜிங் லைட் மினுக்கிக்கொண்டிருக்கும், அது கோளாறு இல்லை. ஹாலஜன் ஹெட்லைட், எலக்ட்ரிக் ஃபேன், இரவு ஓட்டம், நெரிசல் எல்லாம் சேர்ந்தால் டைனமோ திணறும். அப்படி ஓட்டுபவராக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். கோளாறு எங்கே என்று பார்க்காமல் மாற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மாற்றுவதாக முடிவு செய்தால், முதலில் பேட்டரியின் எந்த முனை எர்த் என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். சாதாரண ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும், தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் (ஒரே திசையில் மட்டும் கரன்ட் விடும் பாகங்கள்) அந்த நொடியே போய்விடும். எர்த்தை மாற்றும்போது இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும் ஆம்ப்மீட்டர் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், பழைய ரேடியோ இருந்தால் அதையும் கவனியுங்கள். டைனமோவை வைத்துக்கொண்டே எர்த்தை மட்டும் மாற்றுபவர்கள், எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் அதன் காந்தம் புதுத் திசைக்குத் திரும்பும்.

அடுத்தது வயர் கனம், உங்கள் எலக்ட்ரீஷியன் இதைப் பற்றிப் பேசினாரா? டைனமோவுக்கான மெயின் வயர் பெரும்பாலும் 44 இழை, ஒவ்வொன்றும் 0.30 மி.மீ. சுமார் 25 ஆம்ப்தான் தாங்கும். லூகாஸ் 18ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 45 ஆம்ப் தரும். அதற்கு 120 இழை, 8.5 சதுர மி.மீ. வயர் போட்டால் நிம்மதி. பேட்டரியிலிருந்து வரும் பிரவுன் நிற மெயின் வயருக்கு அந்தக் கார்களில் பொதுவாக ஃபியூஸும் இருக்காது, புது வயரிங்கில் ஒன்று சேர்த்துவிடுங்கள். டேஷ்போர்டில் 30 ஆம்ப் வரை மட்டும் காட்டும் ஆம்ப்மீட்டர் இருந்தால் எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வையுங்கள். ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் போதும்.

மீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்று மாமா வீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர் ஒருவர், “நல்லா இருக்கே, ரெண்டு நாள் குடு” என்று என் மல்டிமீட்டரை வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது உள்ளே பேட்டரி இல்லை, சிவப்பு ப்ரோப்பின் முனை உடைந்திருந்தது. கேட்டால், “அது அப்படித்தான் இருந்துச்சு” என்கிறார். கார் கடன் கேட்டால்கூட யோசித்துக் கொடுப்பேன், டூல்ஸ் யாருக்கும் கிடையாது.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. ஆல்டர்னேட்டர் போட்ட பிறகு டேஷ்போர்டு சார்ஜிங் லைட்டை அழகுக்காக எல்இடியாக மாற்றாதீர்கள். இந்த ஏசிஆர் வகைக்கு முதல் தூண்டுதல் கரன்ட்டே அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி போட்டால் ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஏறாமல் நிற்கலாம், எலக்ட்ரீஷியனும் “ஆல்டர்னேட்டர் போச்சு சார்” என்று வந்து நிற்பார்.