ஸாக் பிரிட்டனை ஏன் இறக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். 2020 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே அணியின் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் வீசியிருந்தார், பிரமாதமாக வீசினார். மேனேஜர் அவரை எடுத்துவிட்டு ரிலீவரை (நடுவில் வரும் மாற்றுப் பிட்ச்சரை) இறக்க, ஆட்டமே போய்விட்டது. கம்ப்யூட்டர் கணக்கு விளையாட்டைக் கொன்றுவிட்டதா? என் மகள் ஏன் எடுத்தார்கள் என்று கேட்டாள். கம்ப்யூட்டர் என்று சொல்லி வைத்தேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். குழந்தையிடம் சால்ஜாப்பு எதற்கு?

ஸ்னெல் விஷயத்தில் பெரிய மர்மம் இல்லை. ஒரே பேட்டரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பிட்ச்சர்கள் அதிகம் அடி வாங்குவார்கள் என்பது உண்மைதான். மேனேஜர் கெவின் கேஷ் சறுக்கியது ரிலீவராக நிக் ஆண்டர்சனைக் கூப்பிட்டதில். முந்தைய ஆட்டங்களிலும் தொடர்ந்து ரன் கொடுத்து வந்தவர் அவர். சரி, அதை விடுங்கள்.

கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவது வேறு ஆட்டம். 2016 அக்டோபர் 4, டொரொண்டோ அணியின் மைதானத்தில் பால்டிமோர். தோற்றவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பால்டிமோரிடம் க்ளோசர், அதாவது கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் ரிலீவர், ஸாக் பிரிட்டன் இருந்தார். அந்த சீசனில் முன்னிலையைக் காக்க 47 முறை வந்து 47 முறையும் காத்தவர். 67 இன்னிங்ஸில், ஃபீல்டிங் பிழைகளைக் கழித்தால், கொடுத்தது நாலே ரன்.

ஸ்கோர் 2-2. ரிலீவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். பிரிட்டன் புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) எழுந்து வார்ம்-அப் செய்கிறார், மறுபடி உட்காருகிறார். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் தாண்டி, பதினோராவதில் பால்டிமோருக்காக வீச வந்தவர் உபால்டோ ஹிமேனெஸ். மூன்றே பேட்டர்கள். சிங்கிள், சிங்கிள் என்று இருவர் தளங்களில் நிற்க, அப்புறம் எட்வின் என்கார்னாசியோனின் ஹோம் ரன், மூவருக்கும் ரன். 5-2. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை!

காரணம் 'சேவ்'. 1969ல் அதிகாரபூர்வமான கணக்கு. பொதுவாக, மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் க்ளோசர் பெயரில் ஒன்று ஏறும். எண்ணுவதற்கு வைத்த கணக்கு, யாரை எப்போது இறக்குவது என்பதையே தீர்மானிக்க ஆரம்பித்தது. வெளியூர் மைதானத்தில் ஸ்கோர் சமமாக இருந்தால், முன்னிலை வந்தபிறகுதான் க்ளோசர் என்பது மரபாகிவிட்டது. பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டர் முன்னிலைக்காகக் காத்திருந்தார். அது வரவே இல்லை.

என் அம்மா கல்யாணப் பட்டுப்புடவையை 'நல்ல நாளுக்கு' என்று பீரோவிலேயே வைத்திருந்தார். தங்கை கல்யாணத்துக்கு எடுத்து உதறினால் மடிப்புக்கு மடிப்பு இற்றுக் கிழிந்திருந்தது. அம்மாவுக்காவது புடவைதான் போனது.

ஷோவால்டர் கம்ப்யூட்டரைக் கேட்டு இதைச் செய்யவில்லை. கேட்டிருந்தால் எட்டாவது இன்னிங்ஸிலேயே இறக்கச் சொல்லியிருக்கும். பழுத்த அனுபவஸ்தர் பழைய வழக்கப்படி செய்த காரியம் இது. இரண்டே நாள் கழித்து கிளீவ்லாந்தில் அந்த அணியின் மேனேஜர் டெரி ஃபிராங்கோனா, பாஸ்டனுக்கு எதிராகத் தன் மிகச் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். கடைசி இன்னிங்ஸை வேறொருவர் பார்த்துக்கொண்டார். அந்த அணி உலகத் தொடர் வரை போனது.

இரண்டு ஆட்டத்தையும் மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நடுவில் நீங்கள் வாய் திறக்காதீர்கள். அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.