வன்னியிலிருந்து நியூ யோர்க்குக்கு: ரெசிடென்சி மட்டும் செய்தால் போதுமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். பேராதனையில் பிடிஎஸ் முடித்து, முல்லைத்தீவுப் பக்கம் அரச ஆஸ்பத்திரியில் பல் வைத்தியராக இருந்திருக்கிறீர்கள். கலியாணமாகி இப்போதுதான் நியூ யோர்க் வந்திருக்கிறீர்கள். இங்கே ஒரு வருடம் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ பெறும் மேற்பயிற்சி, செய்தால் லைசென்ஸ் தந்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியா என்று கேட்கிறீர்கள்.

அரைவாசி சரி. நியூ யோர்க்கில் 2007 முதல் செய்முறைப் பரீட்சையை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் குறைந்தது ஒரு வருட ரெசிடென்சியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். சொன்னவர் இதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் ரெசிடென்சி கடைசிப் படி. அதற்கு முதல், 'கோடா' என்கிற அமைப்பு அங்கீகரித்த பல்கலைக்கழகத்தின் பட்டம் வேண்டும். அமெரிக்காவின் பல் மருத்துவப் படிப்புகளை அங்கீகரிப்பது இந்த அமைப்புத்தான். பேராதனை அதன் பட்டியலில் இல்லை. அதற்காக எங்கள் படிப்பு மட்டம் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் படித்து வருகிறவருக்கும் இதே நிலைதான்.

இன்னொன்று, லைசென்ஸ் தருவது நாடு இல்லை, மாநிலம். டெலவெயரில் புதிதாகப் படித்து வெளியேறுகிறவர்களிடம் ரெசிடென்சி கேட்பார்கள். கலிபோர்னியாவில் செய்முறைப் பரீட்சைக்குப் பதிலாக விரும்பினால் அதைக் காட்டலாம். நிறைய மாநிலங்களில் அது கட்டாயமே இல்லை. அதனால் கணவரின் வேலை எந்த மாநிலத்தில் நிலைக்கும் என்பதை வீட்டில் முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

எங்களைப் போன்றவர்களின் வழக்கமான வழி இப்படிப் போகும். பேராதனையிலிருந்து மதிப்பெண் சான்றிதழை எடுப்பித்து, 'ஈசிஈ' போன்ற நிறுவனத்தில் மதிப்பீடு செய்விக்க வேண்டும். அப்புறம் ஐஎன்பிடிஇ என்கிற, நாடு முழுவதுக்கும் பொதுவான பல் மருத்துவ எழுத்துப் பரீட்சை: இரண்டு நாள், 500 கேள்விகள். முன்பு இருந்த இரண்டு பாகப் பரீட்சை இப்போது இல்லை, ஆகவே பழைய புத்தகக் கட்டை யாராவது இலவசமாகத் தந்தாலும் அதையே நம்பிப் படிக்காதீர்கள். அதன் பிறகு 'கேபிட்' என்கிற பொது விண்ணப்பத் தளத்தின் ஊடாக, வெளிநாட்டுப் பல் வைத்தியர்களுக்கான இரண்டு அல்லது மூன்று வருடப் படிப்புக்கு விண்ணப்பம். முடித்தால் இங்கத்தைய மாணவர்கள் வாங்கும் அதே டிடிஎஸ் அல்லது டிஎம்டி பட்டம் கிடைக்கும். ரெசிடென்சி அதற்குப் பிறகு.

பணம் கரைவது அந்தப் படிப்பில்தான். ரெசிடென்சியில் பெரும்பாலும் உங்களுக்குச் சம்பளம் தருவார்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. ஜிபிஆர் ஆஸ்பத்திரியில் நடக்கும்: இரவு அழைப்பு, அவசரப் பிரிவு, மயக்க மருந்துப் பிரிவு, இதய நோயோடும் புற்றுநோயோடும் வருகிற ஆட்கள். ஏஇஜிடி கூடுதலாகக் கிளினிக் வேலை. என்னைக் கேட்டால் ஜிபிஆர்தான். தனியாகக் கிளினிக் போட்ட பிறகு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிற கிழவர் வந்து வாயைத் திறக்கும்போது அதன் அருமை தெரியும்.

உங்கள் பட்டத்தோடேயே சேர்த்துக்கொள்ளும் ஜிபிஆர் இடங்களும் சில உண்டு. அனுபவத்துக்கும் சிபாரிசுக் கடிதத்துக்கும் நல்லது. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அதை மட்டும் காட்டி லைசென்ஸ் வாங்க முடியாது. இடம் தருகிறவர்களிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்.

நேர்முகத்தில் ஊர் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். வெற்றிலை பாக்குப் போட்டுப் போட்டு வாய் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத ஆட்களை நாங்கள் கிளினிக்கில் சாதாரணமாகப் பார்த்தவர்கள். இங்கே கூடப் படிக்கிற பிள்ளைகள் அதைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். வவுனியாப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடிப் பழுப்பேறிய பற்களும் அப்படித்தான். நியூ யோர்க் நகரமோ 1965 முதல் குழாய்த் தண்ணீரில் புளோரைட்டை அளந்து கலக்கிறது, லீட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்பதே இன்றைய பரிந்துரை. இரண்டு பக்கத்தையும் பார்த்தவர் பேசினால் கேட்பார்கள்.

கை வேலையில் மட்டும் கவனம். ஊரில் பல் பிடுங்கிப் பழகிய கை உங்களுடையது. இங்கே பல பல்கலைக்கழகங்கள் 'பெஞ்ச் டெஸ்ட்' என்று பிளாஸ்டிக் பல்லில் கிரவுனுக்கு, அதாவது பல்லின் மேல் போடும் மூடிக்கு, செதுக்கச் சொல்வார்கள், அரை மில்லிமீற்றர் பிசகையும் பார்ப்பார்கள். டைப்போடொன்ட் என்கிற பிளாஸ்டிக் பல் வரிசை மாதிரி ஒன்றை வாங்கி இப்போதே தொடங்குங்கள்.

ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் கனடாவுக்கு வரச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே ரெசிடென்சி கட்டாயமில்லை. ஏஎப்கே என்ற அடிப்படை அறிவுப் பரீட்சை, என்டிஇசிசி என்ற செய்முறைப் பரீட்சை, இவற்றோடு சான்றிதழுக்கான பரீட்சை என்று, திரும்பப் பல்கலைக்கழகம் போகாமலே முடிக்கலாம். செலவும் குறையும். ஆனால் அப்படி எடுத்த கனடாச் சான்றிதழை வைத்துக்கொண்டு பின்னர் நியூ யோர்க்குக்கு வந்தால், அங்கீகரித்த பட்டம் எங்கே என்ற கேள்வி திரும்பவும் வரும். இரண்டு நாட்டுக்கும் செல்லுவது அந்தப் பட்டம்தான்.

இடையில் சம்பாதிக்க வேண்டுமென்றால், வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர்கள் ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்பவர்) லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கப் புளோரிடா மாநிலம் விடுகிறது. நியூ யோர்க்கில் அந்தக் குறுக்கு வழி இல்லை.